கோர்டியனில் 1950-இல் இருந்து தோண்டுகிறார்களே, இன்னும் என்ன பாக்கி?

திண்ணைவாசி:
துருக்கியில் அங்காராவுக்குத் தென்மேற்கே, பொலாட்லி பக்கம் கோர்டியன் என்று ஓர் இடம் இருக்கிறது. பிரிஜியர்கள் என்ற பழங்கால மக்களின் தலைநகரம், தொட்டதெல்லாம் பொன்னான மிடாஸ் ராஜா ஆண்ட ஊர், அலெக்சாண்டர் முடிச்சை வெட்டினான் என்று கதை சொல்கிறார்களே, அந்த ஊரும் இதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மியூசியம் 1950-இல் அங்கே மண்ணைத் தொட்டது, இன்றுவரை விடவில்லை. எனக்கு இரண்டு சந்தேகம். இத்தனை வருடமாக என்னதான் செய்கிறார்கள்? அப்புறம், அங்குள்ள பெரிய சமாதி மேட்டைச் சிலர் மிடாஸ் சமாதி என்கிறார்கள், சிலர் இல்லவே இல்லை என்கிறார்கள். எது சரி? விக்கிபீடியாவை வெட்டி ஒட்டாமல் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழங்கலம்:
இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அது மிடாஸ் இல்லை.

அந்த மேடு இன்றைக்கும் 53 மீட்டர் உயரம் நிற்கிறது. நடுவில் தோண்டிக்கொண்டு வரும் திருடனை ஏமாற்ற சமாதி அறையை மையத்திலிருந்து தள்ளித்தான் கட்டியிருந்தார்கள். அதனால் அந்த மியூசியத்தின் அகழாய்வுத் தலைவர் ரோட்னி யங்கின் குழு மேலிருந்து துளை போட்டுப் பார்த்து, அறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் 1957-இல் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டி உள்ளே போனது. உள்ளே மரத்தாலான ஓர் அறை, அறுபது வயது தாண்டிய ஓர் ஆணின் எலும்புக்கூடு, பெரிய வெண்கல அண்டாக்கள், நூற்றுக்கும் மேல் உடை ஊக்குகள், இழைப்பு வேலை செய்த மேசைகள். குண்டுமணித் தங்கம் கிடையாது!

அறைக்காக வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் காலம் ஏறத்தாழ கி.மு. 740 என்று வருகிறது. ஆனால் அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோனின் ஆவணங்களில் 'முஷ்கி நாட்டு மிட்டா' (பிரிஜியர்களை அசீரியர்கள் அழைத்த பெயர் முஷ்கி) என்று வருபவர்தான் நம் மிடாஸ், அவர் கி.மு. 709 வாக்கில்கூட உயிரோடு அரசியல் செய்துகொண்டிருக்கிறார். தன் சமாதிக்குள் படுத்து முப்பது வருடம் கழித்து யாரும் அசீரியாவுக்குத் தூது அனுப்ப முடியாது. ஆக உள்ளே இருப்பது அவருக்கு முன் ஆண்டவர், அநேகமாக அப்பா. சுற்றுலா பலகையில் மிடாஸ் பெயர் இருந்தால்தான் டிக்கெட் விற்கும், அது வேறு விஷயம்.

கரித்துண்டு:
முதல் கேள்விக்கு வருகிறேன். 'என்னதான் செய்கிறார்கள்' என்று கேட்டால், தோண்டுவதில் பாதி வேலைதான் மண்ணில் நடக்கிறது, மீதி கிடங்கில் நடக்கிறது. அந்த 1957 சமாதிப் பாத்திரங்களின் அடியில் ஒட்டியிருந்த கசடு காகிதப் பைகளில் மியூசியத்திலேயே நாற்பது வருடம் கிடந்தது. தொண்ணூறுகளில் அதே மியூசியத்தின் ஆய்வாளர் பேட்ரிக் மெக்கவர்ன் அதை எடுத்து ரசாயனச் சோதனை செய்தபோதுதான், திராட்சை மது, பார்லி பீர், தேன் மது மூன்றையும் கலந்து குடித்திருக்கிறார்கள், கூடவே ஆட்டுக்கறியும் மைசூர்ப் பருப்பும் சேர்த்துச் சமைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. சாவு வீட்டு விருந்தின் மிச்சம்! 1957-இல் அந்தச் சோதனையைச் செய்ய வழியே இல்லை, அன்றைக்கே பைகளைக் கொட்டியிருந்தால் கதை முடிந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் நெருப்பு. கோட்டைக்குள் ஒரு பெரிய தீ பிடித்து, அரண்மனைப் பகுதி முழுக்க எரிந்த அடுக்கு ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரி அறைகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் மாவரைக்கும் கற்கள், தறிக் குண்டுகள், தானியம், எல்லாம் அப்படியே கரியாகி. கிமேரியர்கள் என்ற வடக்கத்தி நாடோடிக் கூட்டம் படையெடுத்து வந்தது, மிடாஸ் தற்கொலை செய்துகொண்டார் என்று பழைய கிரேக்க நூல்கள் சொல்வதை இந்தத் தீயோடு முடிச்சுப் போட்டு, கி.மு. 700 என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 2000 வாக்கில் எரிந்த பார்லி, பருப்பு, ஆளி விதைகளை வயதைக் கணிக்கும் கார்பன் சோதனைக்கு அனுப்பினார்கள். உத்தரமாகப் போட்ட மரம் வெட்டி நூறு வருடம் ஆனதாகக்கூட இருக்கலாம், விதை அந்தந்த வருடத்து அறுவடை, பொய் சொல்லாது. வந்த காலம் கி.மு. 800!

ஒரே அடியில் நூறு வருடம் பின்னால் போய்விட்டது. தீக்கு முன் என்று நினைத்திருந்த சமாதி தீக்குப் பின் என்றாகிவிட்டது. சமாதியில் கிடைத்த ஊக்குகளையும் சாமான்களையும் எரிந்த அடுக்கில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டு எழுதிய பழைய ஆய்வுகளை எல்லாம் தலைகீழாகத் திருப்பிப் படிக்க வேண்டியதாயிற்று. சுற்றுவட்டாரத்து மற்ற இடங்களின் காலக்கணக்கும் இதைப் பார்த்து எழுதப்பட்டதுதான், அதுவும் ஆடிவிட்டது. முப்பது வருடத்தில் கடையைக் கட்டியிருந்தால் தவறான தேதிதான் பாடப்புத்தகத்தில் நின்றிருக்கும்.

திண்ணைவாசி:
இது எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி. அப்படியானால் தீ வைத்தது யார்?

கரித்துண்டு:
யாராவது 'வைத்தார்கள்' என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? தீ பிடித்தபோது கோட்டையில் புதிதாகக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. எதிரி வந்துதான் எரிய வேண்டும் என்பதில்லை, மரமும் ஓலையும் குவிந்த இடத்தில் ஒரு அடுப்பு போதும். அதற்குப் பிறகு ஊரையே நான்கைந்து மீட்டர் களிமண் போட்டு மூடி, அதன் மேல் புதிய கோட்டை எழுப்பினார்கள். தோற்றுப்போன ராஜ்யம் செய்கிற வேலையா இது? அந்தக் களிமண்தான் எரிந்த ஊரை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஊர்சுற்றி:
நேரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுரங்கத்துக்குள் நடந்து போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஜூனிபர் மரத்தடிகளைப் பார்க்கலாம், பட்டையோடு உருட்டி அடுக்கியது போலவே இருக்கின்றன, நேற்று வெட்டியது மாதிரி. எதிரே சின்ன மியூசியம். கூழாங்கல் பதித்த தரை ஒன்று உண்டு, கி.மு. 9-ஆம் நூற்றாண்டு, அதைத் தவறவிடாதீர்கள். மேசை நாற்காலி பார்க்க ஆசைப்பட்டு அங்கே தேடாதீர்கள், அதெல்லாம் அங்காரா அனதோலிய நாகரிகங்கள் மியூசியத்தில். அதில் இரண்டு பலகைகளை முதலில் சிம்மாசனத்தின் முதுகு என்றே எழுதினார்கள், ஆய்வாளர் எலிசபெத் சிம்ப்சன் 1981-இலிருந்து உட்கார்ந்து துண்டு துண்டாக ஆராய்ந்த பிறகு, அவை மேலே கிண்ணம் வைத்துப் பரிமாறும் தாங்கிகள் என்று ஆனது.

பழங்கலம்:
கடைசியாக ஒன்று, 'என்ன பாக்கி' என்றதற்கு. அந்த வட்டாரத்தில் இப்படிச் சமாதி மேடுகள் நூற்றுக்கு மேல், பாதிக்கு மேல் இன்னும் தொடவே இல்லை. 2025-இல் ஒன்றைத் திறந்ததில் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு மர அறையும் வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. 2023-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, ஆனால் அக்கம்பக்கம் முழுக்க விவசாய நிலம், டிராக்டர் ஓட ஓடச் சின்ன மேடுகள் கரைந்துகொண்டே வருகின்றன. எனக்கு அதுதான் கவலை.