தெர்மல் பேஸ்ட்: பசை வேண்டாம், களிம்பு என்போம்

நண்பர்களே,

மடிக்கணினி சூடாவது பற்றிய நம் உதவிப் பக்கத்தில், செயலிச் சில்லுக்கும் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் செம்புத் தகட்டுக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டை 'வெப்பப் பசை' என்று எழுதியவன் நான்தான். தெர்மல் என்றால் வெப்பம், பேஸ்ட் என்றால் பசை, இரண்டையும் சேர்த்தால் சொல் தயார் என்று நினைத்துவிட்டேன். போன வாரம் என் சொந்த மடிக்கணினியையே பிரிக்க வேண்டி வந்தபோதுதான் அது தப்பு என்று உறைத்தது.

எட்டு வருடப் பழைய பெட்டி. காணொளி அழைப்பு பதினைந்து நிமிடம் நீடித்தாலே விசிறி மாவு மில் மாதிரி இரையும், அப்புறம் மவுஸ் அம்புகூட இழுத்து இழுத்து நகரும். லினக்ஸில் வெப்பநிலையைக் காட்டும் சென்சர்ஸ் கட்டளை கொடுத்துப் பார்த்தால் 97 டிகிரி. பல இன்டெல் சில்லுகளுக்கு 100 டிகிரிதான் எல்லை, அதை நெருங்கினால் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால்தான் அந்த இழுவை. அடிமூடியைக் கழற்றி, முதல் வேலையாக மின்கலத்தின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விசிறியைத் தூக்கிப் பார்த்தேன். காற்று வெளியேறும் தகடுகளுக்கு முன்னால் கம்பளித் துண்டு மாதிரி தூசு படிந்திருந்தது, விரலால் அப்படியே உரித்து எடுக்க முடிந்தது. (காற்றடித்துச் சுத்தம் செய்பவர்கள் விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். கண்டபடி சுழன்றால் அதன் தாங்கி (பேரிங்) கெட்டுப்போகும்.)

சில்லின் மேல் இருந்த பழைய பேஸ்ட், சந்தனக் கல்லில் காய்ந்துபோன சந்தனம்போல வெடித்துப் பொடியாகக் கிடந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். அதற்கு முன், திருகுகளைக் கழற்றியதுமே செம்புத் தகடு எந்தத் தகராறும் செய்யாமல் கையோடு வந்திருந்தது. பசை என்று நான் எழுதியது உண்மையாக இருந்திருந்தால் அது வந்திருக்கவே கூடாது.

இப்போது, 'பசை'யை எடுத்துவிட்டுக் 'களிம்பு' என்று எழுதலாமா என நான் கேட்டதற்கு நீங்கள் எழுப்பிய மறுப்புகள்.

> பற்பசை பல்லை ஒட்டவா செய்கிறது? பசை என்றே இருக்கட்டும்.

நல்ல கேள்வி, இரண்டு நாள் என்னிடம் இதற்குப் பதில் இல்லை. ஆனால் பல்லை ஒட்டும் பசை என்று ஒன்றைக் கடையில் யாரும் பற்பசைக்குப் பக்கத்தில் வைத்து விற்பதில்லை, அதனால் குழப்பமும் இல்லை. இங்கே நிலைமை வேறு. வெப்பத்தையும் கடத்தி, நிரந்தரமாக ஒட்டவும் செய்கிற ஒரு பொருள் தனியாகவே இருக்கிறது. திருகு போட இடமில்லாத சின்னச் சில்லுகளின் மேல் அலுமினியத் தகடு ஒட்ட அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் பக்கத்தைப் படித்துவிட்டு ஒருவர் அதை வாங்கிச் செயலியின் மேல் தடவினால், அடுத்த முறை தகட்டைக் கழற்றும்போது சில்லும் சேர்ந்து பெயர்ந்து வரலாம். 'வெப்பப் பசை' என்ற பெயரை அந்தப் பொருளுக்கு விட்டுவிடுவோம், அதற்குத்தான் அது பொருத்தம்.

> களிம்பு என்றால் செம்பில் ஏறும் பச்சைக் கறை அல்லவா? அதுவும் செம்புத் தகட்டின் மேல் களிம்பு பூசு என்றால் சிரிப்பார்கள்.

இதை எழுதிய ஐயாவுக்கு வணக்கம். உயிரோடு ஒட்டிக்கிடக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்லும் சைவ சித்தாந்தம் தெரிந்தவர்களுக்கு இது கட்டாயம் இடறும், எனக்கே இடறியது. ஆனாலும் இன்றைக்கு மருந்துக் கடையில் களிம்பு என்று கேட்டால் பூசு மருந்துதான் கிடைக்கிறது, செம்புப் பாத்திரத்தை யாரும் நினைப்பதில்லை. மெல்லிசாகத் தடவுவது, காலப்போக்கில் காய்வது, துடைத்துவிட்டு மறுபடி தடவுவது என்று எல்லாமே பொருந்துகிறது. பழையது காய்ந்து செம்பில் படிந்து கிடக்கும்போது ஐயா சொல்லும் பழைய பொருளும் வந்து சேர்ந்துகொள்கிறது, இரண்டு களிம்பையும் ஒரே துடைப்பில் எடுத்துவிடலாம்.

> சாந்து என்றால் என்ன? செங்கல் இடைவெளியை நிரப்புவதுபோல.

பரிந்துரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் பொருளின் வேலையைச் சரியாகப் பிடித்திருக்கிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் (வாட்/மீட்டர்-கெல்வின் அலகில்) சுமார் 400, காற்றின் அளவு 0.026, நல்ல பேஸ்ட் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது காற்றைவிட 300 மடங்கு மேல், செம்பைவிட 50 மடங்கு கீழ். வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டு பரப்புகளிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு, அந்தப் பள்ளங்களில் நிற்கும் காற்றை விரட்டுவதற்கு மட்டும்தான் இது. தாராளமாக அப்பினால் செம்புக்கும் சில்லுக்கும் நடுவே நாமே ஒரு தடை போட்டதாகும். பச்சைப் பயறு அளவு போதும், தகட்டை வைத்துத் திருகுகளில் எண் போட்டிருக்கும் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் அதுவே பரவிக்கொள்ளும். சாந்து நிரப்பும், சரி, ஆனால் இறுகிப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். பசையிலிருந்து தப்பி மறுபடி அதே குழியில் விழுவானேன்?

குளிர்களிம்பு என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. இது எதையும் குளிர்விப்பதில்லை, சூட்டைக் கைமாற்றி விடுகிறது, அவ்வளவுதான். வெறும் 'வெப்பக் களிம்பு' என்றாலும் மூட்டுவலிக்குத் தடவுவதுபோல இருக்கிறது என்று வீட்டில் சிரித்தார்கள். ஆகவே என் பரிந்துரை 'வெப்பங்கடத்துக் களிம்பு'. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். முதல் இடத்தில் முழுதாக எழுதிவிட்டு அப்புறம் களிம்பு என்று மட்டும் எழுதலாம். சென்னையில் கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் போய் 'பேஸ்ட் மாத்தணும்' என்றுதான் எல்லாரும் கேட்கப் போகிறோம், அதனால் முதல் இடத்தில் 'தெர்மல் பேஸ்ட் எனப்படும்' என்ற மூன்று சொல்லும் இருக்கட்டும்.

சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதே, அந்தத் த்ராட்லிங்குக்கு 'வேக மட்டுப்பாடு' போதுமா என்று யாராவது சொல்லுங்கள். 'நெரிப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார், மூலச்சொல்லுக்கு நெருக்கம்தான், ஆனால் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வதைக் கழுத்தை நெரிப்பதாகச் சொல்வது அநியாயம்.

என் பெட்டி இப்போது அதே அழைப்பில் 76-ஐத் தாண்டவில்லை. ஞாயிறு இரவு வரை காத்திருக்கிறேன், மறுப்பு வராவிட்டால் உதவிப் பக்கத்தில் பசையைத் துடைத்துவிட்டுக் களிம்பைப் பூசிவிடுவேன்.