மேக்குக்குள் ஒளிந்திருந்த 486

குப்பர்டினோவில் டி அன்சா கல்லூரியின் கார் நிறுத்துமிடத்தில் முன்பு கூடிய பழைய எலக்ட்ரானிக்ஸ் சந்தையில், சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்டு வாங்கினேன். விற்றவர் "மேக் வீடியோ கார்டு, ஓடாது" என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். வீடியோ கார்டில் கிரியேட்டிவ் கம்பெனியின் சவுண்ட் சிப்புக்கு என்ன வேலை? அது ஆப்பிள் மேக்குக்குள் பிசியின் டாஸை ஓட்டும் கார்டு என்று அந்தச் சிப்தான் காட்டிக்கொடுத்தது. 1994இல் குவாட்ரா 610 என்ற மேக்குக்கு வந்த டாஸ் கார்டில் 25 மெகாஹெர்ட்ஸ் 486எஸ்எக்ஸ் பிராசஸர் இருக்கும், கிரியேட்டிவின் சவுண்ட் பிளாஸ்டர் இருக்காது. என்னிடம் சிக்கியது அதற்கு அடுத்தது: பவர் மேக் 6100க்கான 66 மெகாஹெர்ட்ஸ் 486டிஎக்ஸ்2. ஆப்பிளுக்குள் இந்த வரிசைக்கு ஹூடினி என்று பெயர். பூட்டிய பெட்டியிலிருந்து தப்பிக்கும் அதே வித்தைக்காரர்தான்.

வீட்டில் 6100 இருந்தது. கார்டைச் செருகி, பிசி செட்டப் கண்ட்ரோல் பேனலில் சி டிரைவை உருவாக்கினேன். அது உண்மையில் மேக்கின் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல். டாஸ் அதையே தன் டிஸ்க் என்று நம்பிக்கொள்ளும். அப்புறம் கமாண்ட்-ரிட்டர்ன். மேக்கிலிருந்து பிசிக்குத் தாவ வேண்டும். தாவியது, ஆனால் திரை கும்மிருட்டு.

கார்டில் இருந்த 72 பின் மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினேன். மதர்போர்டின் 3.6 வோல்ட் பேட்டரியையும் மாற்றினேன். அது செத்தால் 6100 படமே காட்டாமல் படுத்துவதுண்டு. பலனில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, ஃபேன் சத்தத்துக்கு நடுவே மேக் ஸ்பீக்கரில் சின்னதாக ஒரு பீப். டாஸ் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, படம்தான் வெளியே வர வழியில்லை! மானிட்டரை நான் நேராக மேக்கில் மாட்டியிருந்தேன். இந்தக் கார்டுக்கென்றே கிளை பிரியும் கேபிள் ஒன்று உண்டு. மேக்கின் படம் கார்டுக்குள் போய், அங்கிருந்துதான் மானிட்டருக்கு வரும். அது கிடைக்க எட்டு மாதம் ஆனது. விலை, கார்டைப் போல மூன்று மடங்கு.

* * *

உங்கள் கேபிள் கதையாவது பரவாயில்லை. 1996இல் ஆப்பிள் பிசிஐ ஸ்லாட்டுக்கென்று விட்ட இதே மாதிரி கார்டுகளில் 7 அங்குலம், 12 அங்குலம் என்று இரண்டு உண்டு. நான் அதை மானிட்டர் அளவு என்றே நினைத்து, பென்டியம் 100 பிராசஸர் அதில் இருக்கிறதே என்று 12 அங்குலத்தை வாங்கிவிட்டேன். அது கார்டின் நீளம்! என் பெட்டிக்குள் முக்கால்வாசிதான் போனது. வாங்குபவர்கள் முதலில் ஸ்கேலை எடுங்கள்.

* * *

உங்கள் இருவருக்கும் முழு கார்டாவது கிடைத்திருக்கிறது. என்னிடம் இருப்பது ஏஎஸ்டி கம்பெனியின் மேக்286 கார்டு, 1987இல் மேக் II-க்கு வந்தது. அது இரண்டு பலகை சேர்ந்த ஜோடி, நூபஸ் என்ற பழைய மேக் ஸ்லாட்டில் இரண்டைப் பிடிக்கும். எனக்கு வந்தது ஒன்றுதான். இன்னொன்று யாரிடமாவது "ஓடாத கார்டு" என்று கிடந்தால் சொல்லுங்கள் சார்.