‘லெகசி! லெகசி!’ ஆல்பம் கேட்டவர்களே, உங்களைப் பிடித்து நிறுத்தியது எந்தப் பாட்டு?

மருதநிலம்:

சிகாகோ பாடகி ஜமீலா வுட்ஸின் இந்த ஆல்பம் 2019 மே 10 வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் ஓடுகிறது. பதின்மூன்று பாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுமையின் பெயர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு ‘எர்த்தா’ பற்றி மட்டும் சொல்லவேண்டும்.

அம்மா சங்கரன்கோவிலிலிருந்து வந்திருக்கிறார். அன்றைக்கு அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பாட்டுக்குரிய பாடகி, நடிகை எர்த்தா கிட்டின் 1982 ஆவணப்படத் துண்டைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆணோடு வாழ்வதற்காக விட்டுக்கொடுப்பீர்களா என்று கேட்பார்கள், அவர் உடம்பு குலுங்கச் சிரிப்பாரே, அதுதான். அம்மா எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, இந்தப் பொம்பள எதுக்கு இப்படிச் சிரிக்கு?”

சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. “இன்னொரு தடவ போடு” என்றார். அப்புறம் இன்னொரு தடவை. அடுப்பில் தாளிப்பு கருகிக்கொண்டிருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் பாதி நறுக்கிய அவரைக்காயோடு அப்படியே நின்றார். நாற்பது வருடமாக அப்பாவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் போய்ப் படுத்துவிட்டார். மூன்று நாளாகிறது, என்ன நினைத்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வாடைக்காற்று:

எனக்கு ‘பாஸ்கியா’. கறுப்பின ஓவியர் பாஸ்கியாவின் பெயரில், ராப் பாடகர் சேபாவோடு பாடியது.

போன வாரம் அலுவலகக் கூட்டம். எங்கள் குழுவில் ஒரு கறுப்பினப் பெண், என்னைவிட அனுபவம் அதிகம். இந்தத் தேதிக்குள் முடியாது என்று சாதாரணக் குரலில்தான் சொன்னார். “இவ்வளவு கோபம் வேண்டாமே” என்றார் மேலாளர். அந்தப் பெண் கோபப்படவே இல்லை. மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தோம், யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அவர் பேனாவை மூடினார். மூடி விழுந்த ‘டக்’ சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அன்று மாலை காரில் இந்தப் பாட்டு. பாஸ்கியாவிடம் ஒரு பேட்டியில் உங்களுக்கு எதன்மேல் கோபம் என்று கேட்பார்கள், அவர் பிடிகொடுக்காமல் நழுவுவார். ஜமீலா அந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறார். இத்தனை நாள் அதை நான் பாஸ்கியாவின் பக்கம் நின்றே கேட்டிருந்தேன். அன்றைக்குத்தான் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் பக்கத்திலிருந்து கேட்டேன். அந்தப் பெண்ணிடம் இன்னும் போய்ப் பேசவில்லை.

பழையதட்டு:

வாடைக்காற்று சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் எனக்கு ஒரு வருத்தம். எல்லோரும் இதை வரிக்கு வரி படிக்கிறீர்கள், யாரும் காதால் கேட்கவில்லை. மருதநிலமும் பாட்டை விட்டுவிட்டு வீடியோவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். ஜமீலா பாடுவது சோல், கறுப்பின அமெரிக்கர்களின் இசை. சோல் என்றால் முதலில் குரல். சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் 2018இல்தான் இறந்துபோனார். அந்தக் குரல் தேவாலயத்தில் வளர்ந்தது, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும். ஜமீலா பேசுவதுபோல் பாடுகிறார். எனக்கு அது போதவில்லை.

என் அனுபவம் சின்னதுதான். 2014இல் சிகாகோ தெற்குப் பகுதியில் ப்ளூஸ் இசைக்கலைஞர் மடி வாட்டர்ஸ் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போனேன். லேக் பார்க் அவென்யூ. பலகை அடித்து மூடிக் கிடந்தது. வாசல் படியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ‘மடி’ பாட்டில் அந்தக் கரகரத்த கிடார் வந்ததும் படியின் சில்லிப்பு ஞாபகம் வந்தது.

புதிதாகக் கேட்பவர்கள் தயவுசெய்து இப்படிச் செய்யுங்கள். முதலில் மடி வாட்டர்ஸ். 1943இல் மிசிசிப்பியிலிருந்து ரயிலேறி சிகாகோ வந்தவர். மதுக்கூட இரைச்சலில் சாதாரண கிடார் எடுபடவில்லை, மின் கிடாருக்கு மாறினார். அந்தக் கரகரப்பு அங்கேயிருந்து வந்தது. அடுத்து பாடகி பெட்டி டேவிஸின் எழுபதுகள் பாட்டுகள். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு அவருக்கு இருந்தது ஒரே வருடத் திருமணம், ஆனால் அதற்கப்புறம் மைல்ஸின் உடையும் மாறியது, இசையும் மாறியது. ஆல்பத்தின் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் பெட்டிக்கு என்பதைக் கவனியுங்கள். அப்புறம் ஜாஸ் கலைஞர் சன் ரா, அவரும் 1961 வரை சிகாகோவில் இருந்தவர். இவர்கள் மூவரையும் நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், போனில் வேண்டாம். அதற்குப் பிறகு ஜமீலாவிடம் வாருங்கள்.

ஞாயிறுவகுப்பு:

பழையதட்டு ஐயா, நீங்கள் சொல்லும் வரிசை நல்லதுதான், ஆனால் குரல் போதவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜமீலா கவிஞர். ‘யங் சிகாகோ ஆத்தர்ஸ்’ அமைப்பில் பிள்ளைகளுக்குக் கவிதை சொல்லிக்கொடுத்தவர். கறுப்பினக் கவிஞர் நிக்கி ஜியோவானியின் ஒரு கவிதையைத் தன் குரலில் திரும்ப எழுதிப் பார்த்த பழக்கத்திலிருந்துதான் ‘ஜியோவானி’ பாட்டு வந்தது. எதிரே உட்கார்ந்து பேசுகிற குரல் அது. கத்தினால் கெட்டுவிடும்.

புறநகரில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பயிற்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ‘ஆக்டேவியா’ பாட்டுக்காக அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரைப் பற்றியும் சொன்னேன். படிக்கவும் எழுதவும் தடுமாறவைக்கும் டிஸ்லெக்சியா குறைபாடு இருந்தவர், நோட்டின் உள்ளட்டையில் தான் பெரிய எழுத்தாளர் ஆவேன் என்று தனக்கே எழுதி வைத்தவர். வகுப்பில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, ‘ண’வும் ‘ன’வும் மாற்றி மாற்றி எழுதுவாள், வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் அழுதுவிடுவாள். அன்று நோட்டை மூடிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். மறுவாரம் திருத்த வாங்கியபோது பின்னட்டையில் இருந்தது: ‘நாண் படிப்பேன்.’ சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன். அந்த ‘ண்’ணைத் திருத்தவில்லை. திருத்தியிருக்கவேண்டுமா?

நத்தைக்கூடு:

திருத்தாதீர்கள்.

எனக்கு ‘ஃப்ரீடா’. மார்ச்சில் மெக்சிகோ நகரம் போயிருந்தோம். சான் ஆஞ்சல் பகுதியில் ஓவியர் ஃப்ரீடா காலோவுக்கு நீல வீடு, அவர் கணவர் ஓவியர் தியேகோ ரிவேராவுக்குத் தனி வீடு, நடுவில் மாடிக்கு மாடி ஒரு பாலம். 1932 வாக்கில் கட்டியது. கீழே நின்று பார்த்தால் பாலம் மெலிசாகத் தெரிகிறது, இருவர் சேர்ந்து நடக்க இடிக்கும். “நமக்கும் இப்படி இருந்தா நல்லா இருக்கும்ல?” என்றார் என் கணவர். நான் பதில் சொல்லவில்லை. மே மாதம் பாட்டைக் கேட்டபோதுதான் அவர் விளையாட்டாகக் கேட்கவில்லையோ என்று பட்டது. ஜமீலா அந்தப் பாலத்தைக் காதலாகத்தான் பாடுகிறார். என் கணவரும் அப்படித்தான் நினைத்தாரா?

மருதநிலம்:

கேட்டுவிடுங்கள் நத்தைக்கூடு. நான் கேட்டுவிட்டேன்.

பழையதட்டு ஐயா, போனில்தான் போட்டுக்காட்டினேன், மன்னிக்கவும். இன்று காலை வீடியோ இல்லாமல் பாட்டை மட்டும் போட்டேன். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னம்மா நினைச்சீங்க அன்னைக்கு என்றேன். கொஞ்ச நேரம் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“அப்படிச் சிரிக்கலாம்னு தெரியாதுட்டி” என்றார்.