மே 29 அன்று நாங்கள் பார்த்தது: தென்னாப்பிரிக்கத் தேர்தலில் ஊரும் நகரமும்

டர்பனிலிருந்து:

இங்கே ஒரு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்கு ஓட்டு கிடையாது. ஆனாலும் 2024 தேர்தலை ரொம்பப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மண்டேலாவின் கட்சியான ஏஎன்சிதான் 1994-லிருந்து ஆட்சியில் இருக்கிறது. "நகரம்தான் ஏஎன்சியை விட்டுப் போகும், கிராமம் போகாது" என்று வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். 2016 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நிர்வாகங்கள் அவர்கள் கையை விட்டுப் போனதைப் பார்த்தால் அது சரிதான் என்றும் தோன்றும். டர்பன் இருக்கிற குவாசுலு நட்டால் மாகாணத்தில் இந்த முறை அப்படி நடக்கவில்லை. நகரமும் கிராமமும் சேர்ந்தே போயின.

என்னோடு வேலை பார்க்கிறவர் உம்லாசியில் இருக்கிறார். டர்பனை ஒட்டி, இனவாத ஆட்சியில் கறுப்பர்களுக்கென்று கட்டிய பெரிய டவுன்ஷிப் அது. அவருடைய அம்மா எஷோவே பக்கத்தில் கரும்புக்காடுகளைத் தாண்டி ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். முடிவு வந்த அடுத்த வாரம் அவரோடு அங்கே போனேன். பாட்டியை எல்லோரும் கூப்பிடுவது போல நானும் கோகோ என்றுதான் கூப்பிடுவேன். முற்றத்தில் மழைத் தண்ணீர் பிடிக்கிற பச்சைத் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தான் ஓட்டுப் போட்ட கதையை 1994-லிருந்து சொன்னார். மகன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

முதல் தேர்தலில் அவர் போட்டது சுலு மக்களின் கட்சியான இன்காதாவுக்கு. ஊரே அப்படித்தான் போட்டதாம். 2009-ல் சுலு இனத்தவரான ஜூமா ஏஎன்சியின் ஜனாதிபதி வேட்பாளராக வந்ததும் ஏஎன்சிக்கு மாறினார். இப்போது ஜூமாவின் புதுக்கட்சியான எம்கேவுக்குப் போட்டிருக்கிறார். "கட்சி மாறிக்கொண்டே இருக்கிறீர்களே கோகோ" என்றேன். "நான் எங்கே மாறினேன்? எங்கள் ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் நானும்" என்றார்.

இந்த ஒரு பதிலில்தான் எனக்கு மாகாணக் கணக்கு முழுதும் புரிந்தது. ஏஎன்சி இங்கே 1994-ல் 32 சதவீதம். 2009-ல் கிட்டத்தட்ட 63. 2019-ல் 54. 2024-ல் 17. ஜூமா அறிவித்து ஆறு மாதம்கூட ஆகாத எம்கேவுக்கு 45. ஜூமா போட்டியிடக்கூடாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் மே 20 அன்று சொன்ன பிறகும், வாக்குச்சீட்டில் அவர் படம் இருந்தது. கோகோவுக்கு அது போதுமாக இருந்தது. கிராமத்து ஏஎன்சி ஓட்டு என்று நாம் நினைத்ததில் ஒரு பெரிய பங்கு அந்தக் கட்சியின் ஓட்டே இல்லை. ஜூமாவோடு வந்தது, ஜூமாவோடு போய்விட்டது.

மகனும் எம்கேவுக்குத்தான் போட்டார். அவருக்கு ஜூமா மேல் பெரிய பற்றெல்லாம் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு அவர் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வரவே இல்லை, தம்பிக்குப் படித்தும் வேலை இல்லை. ஒரே சின்னம், ஆனால் அம்மாவுக்கு விசுவாசம், மகனுக்குக் கோபம்.

(டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் இருக்கிற சாட்ஸ்வொர்த்தில் என் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேறு மாதிரி. கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் வழி வந்தவர், தமிழ் பேசமாட்டார், மாரியம்மன் கோயிலை விடமாட்டார். ஜூமா சிறைக்குப் போனதும் வெடித்த 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எம்கே கொடி தெருவில் போனாலே கதவைச் சாத்துகிறார். அவர் ஓட்டு அப்போது முக்கிய எதிர்க்கட்சியாக இருந்த டிஏவுக்கு.)

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

மேலே சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஞாபகம் வந்தார். இருபது வருஷமாக இந்த நகரத்தில்தான் இருக்கிறார். ஆனால் பெயர் பதிவு லிம்போப்போவில், தோஹோயாண்டோ பக்கத்துக் கிராமத்தில். வேறு இடத்தில் ஓட்டுப் போட முன்கூட்டியே விண்ணப்பிக்காததால் செவ்வாய் இரவே பஸ் ஏறினார். புதன் ஓட்டுப் போட்டுவிட்டு வியாழன் காலை எங்கள் வாசலில் நின்றார், இடது கட்டைவிரலில் மையோடு. ஏஎன்சிக்குத்தான் போட்டேன் என்று கேட்காமலே சொன்னார். அந்த மாகாணத்தில் அவர்களுக்கு 73 சதவீதம். ஜோகன்னஸ்பர்க் இருக்கிற எங்கள் கௌடெங் மாகாணத்தில் 35-கூட இல்லை.

அவருடைய மகள் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து டவுன்ஷிப்பான டெம்பிசாவில் இருக்கிறாள், அங்கேயே பதிவு செய்திருந்தாள். போய் நின்றாள். அடையாளம் சரிபார்க்கிற கருவி வேலை செய்யவில்லை, வரிசை நகரவில்லை, மூன்று மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். அம்மா ஒரு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போனார், மகள் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எதற்காக நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாடு முழுக்க வாக்குப்பதிவு 66-லிருந்து 58.6 சதவீதமாக இறங்கியதில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேரோ.

கிராமத்து ஆட்கள் உதவித்தொகைக்காக ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் உண்மைதானே?

ம்தாதாவிலிருந்து:

தம்பி, கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். 1990-ல் கணக்கு வாத்தியாராக இங்கே வந்தேன், அப்போது இது டிரான்ஸ்கை, இனவாத அரசு கறுப்பர்களுக்கென்று தனியாகப் பிரித்து வைத்த பகுதி. பிறகு குடியுரிமை வாங்கினேன், இப்போது வரிசையில் நிற்கிறவர்களில் நானும் ஒருவன். 2024-ல் முதியோர் உதவித்தொகை மாதம் 2,000 ரேண்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் பேரப்பிள்ளைகளோடு ஆறு பேர் சாப்பிடுகிற வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வீட்டுக் கிழவி அதை நினைத்து ஓட்டுப் போட்டால் அது தப்பா? நகரத்தில் இருப்பவர் கரண்ட்டை நினைத்துப் போடுகிறார், அதை மட்டும் விவரமான ஓட்டு என்கிறோம். இவர்களுக்கு ஏஎன்சி என்றால் முதலில் 1994, கறுப்பர்கள் நாட்டுத் தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போட்ட வருஷம். அப்புறம்தான் பணம்.

ஆனால் அந்த நினைவு அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. எங்கள் மாகாணமான கிழக்குக் கேப்பில் 1994-ல் 84 சதவீதம் வாங்கிய ஏஎன்சி 2024-ல் 62-ல் நின்றது. எங்கள் பள்ளியே வாக்குச்சாவடி. காலை ஏழு மணிக்கு நாற்காலியும் போர்வையுமாகக் கிழவிகள் வந்துவிட்டார்கள். என் பன்னிரண்டாம் வகுப்பில் 18 வயது நிரம்பியவர்கள் பதினோரு பேர். மூன்று பேர்தான் பதிவே செய்திருந்தார்கள். மற்றவர்கள் அன்று விடுமுறை என்பதால் பள்ளி மைதானத்தில் பந்து விளையாடினார்கள், வரிசைக்குப் பக்கத்திலேயே.