கோட் படுகொலை, 1846: எந்தச் சாட்சியை எதுவரை நம்பலாம்?

ஏட்டுப்புழு:
நேபாளப் பிரபுக்கள் பலர் ஒரே இரவில் காத்மாண்டுவில் கொல்லப்பட்ட கோட் படுகொலையைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கலக்காதீர்கள். தளபதி ககன் சிங்கைக் கொன்றது யார்? கோட் என்ற ஆயுதக் கூடத்தில் வெட்டும் சூடும் யார் உத்தரவில் தொடங்கின? செத்தவர்கள் எத்தனை பேர்? முதல் கேள்விக்கு ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அதிலிருந்தே ஊகித்து எழுதிவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான்.

சர்ச்சையில்லாத பகுதி சிறியது. செப்டம்பர் 14 இரவு, ராணி ராஜ்ய லட்சுமிக்கு நெருக்கமான ககன் சிங் தன் வீட்டில் பூசையில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ராணி உடனே பிரபுக்களை அனுமன் தோகா அரண்மனையை ஒட்டிய கோட்டுக்கு வரவழைத்தார். தளபதி ஜங் பகதூர் தம்பிகளோடும் படையோடும் வந்தார். தலைமை அமைச்சர் ஃபதே ஜங் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார். ஃபதே ஜங்கும் தளபதி அபிமான் சிங்கும் அங்கேயே மாண்டார்கள். பிரதமர் பதவி ஜங் பகதூருக்குப் போனது.

மலைப்பாதை:
‘யாருக்கு லாபம்’ என்ற வாதத்தை இங்கே நம்ப முடியாது. ககன் சிங் கையில் 7 படைப்பிரிவுகள், ஃபதே ஜங், அபிமான் சிங், ஜங் பகதூர் மூவருக்கும் தலா 3. அவர் போனால் மூவருக்குமே லாபம்தான். லால் ஜா என்பவரை ஃபதே ஜங் தரப்பு ஏவியது என்கிறது ஒரு கதை. ஜங் பகதூரே செய்தார் என்கிறது இன்னொன்று. ‘கொன்றது ஜங் பகதூர்’ என்று அபிமான் சிங் சாகும்போது கத்தினார் என்பார்கள். அது அவர் சந்தேகத்தைக் காட்டும், கொலையை அவர் பார்த்ததாகக் காட்டாது.

ஜங் பகதூரின் மகன் பத்ம ஜங் எழுதிய வரலாறு 1909-இல் வந்தது. நடந்து 63 ஆண்டு கழித்து, அதுவும் தந்தையைக் காக்கும் எழுத்து. ஆள் பெயர்களுக்கு அதைப் பாருங்கள், நோக்கத்துக்கு வேண்டாம்.

ஏட்டுப்புழு:
பிரிட்டிஷ் பதிவுகளிலும் இதே கவனம் தேவை. பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான ரெசிடென்ட் அப்போது காத்மாண்டுவில் இல்லை. பொறுப்பில் இருந்தவர் ஆட்லி. மன்னர் ராஜேந்திரா அந்த இரவில் ரெசிடென்சி வரை போனார். ஆனாலும் கோட்டுக்குள் நடந்தது அங்கே செவிவழியாகத்தான் எட்டியது. தேதிக்கும் நியமனங்களுக்கும் அது நல்ல ஆதாரம், யார் முதலில் தாக்கினார் என்பதற்கு அல்ல.

எண்ணிக்கையில் 30-40 என்பதும் நூற்றுக்கு மேல் என்பதும் உண்டு. பிரபுக்களை மட்டும் எண்ணினார்களா, கூட வந்த காவலர்களையும் சேர்த்தார்களா என்று முதலில் பாருங்கள். 1951 வரை ஜங் பகதூரின் குடும்பத்தாரான ராணாக்கள் ஆட்சி என்பதால், மாற்றுக் கதைகள் நேபாளத்துக்குள் வெளிப்படையாக அச்சேறத் தாமதமானது.