மறு: ஆப்சோனைசேஷன் – 'சுவையூட்டல்' சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

நோயெதிர்ப்பியல் சொற்பட்டியலில் ஆப்சோனைசேஷனுக்கு (பாக்டீரியாவின் மேல் புரதம் படிந்து, வெள்ளணுக்கள் அதை எளிதாக விழுங்கச் செய்வது) 'சுவையூட்டல்' என்ற பரிந்துரை வந்திருக்கிறது. வேர் கிரேக்கம்: 'ஆப்சோன்' என்றால் ரொட்டியோடு தொட்டுக்கொள்வது, நம் வெஞ்சனம். 1903இல் லண்டனில் ஆல்ம்ராத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளசும், ரத்த நீர் பட்ட பாக்டீரியாவை வெள்ளணுக்கள் எளிதாக விழுங்குவதைக் கண்டு, அதிலுள்ள பொருளுக்கு 'ஆப்சோனின்' என்று பெயரிட்டார்கள். 'குறியிடல்' என்று இன்னொரு பரிந்துரையும் உண்டு. எதை ஏற்கலாம்?

---

> எதை ஏற்கலாம்?

ஐயா, இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. நியூட்ரோஃபில் என்ற விழுங்கும் வெள்ளணுவுக்குச் சுவை ஒரு பொருட்டில்லை; பிடி கிடைக்கிறதா என்பதுதான் அதன் பாடு.

நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றிப் பாலிசாக்கரைடு (சர்க்கரைச் சங்கிலி) உறை. அது வழுக்கும், பெரும்பாலான வகைகளில் எதிர்மின்னூட்டமும் உண்டு. நியூட்ரோஃபிலின் சவ்வும் எதிர்மின்னூட்டம் கொண்டதால் ஒன்றையொன்று தள்ளும். ஐஜிஜி எதிர்ப்பொருள் தன் இரு கைகளால் உறையைப் பிடித்தால், அதன் எஃப்சி வால் வெளியே நீட்டி நிற்கும். நியூட்ரோஃபிலில் அந்த வாலுக்கென்றே ஏற்பிகள் உள்ளன. ரத்த நீரிலுள்ள நிரப்புப்புரதம் (காம்ப்ளிமென்ட்) சி3 பிளந்து உண்டாகும் சி3பியும் பாக்டீரியாவின் மேல் வேதிப்பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும். அதற்கு வேறு ஏற்பி. இரண்டும் சேர்ந்தால் பிடி இறுகும். சவ்வு ஏற்பி ஏற்பியாக முன்னேறி, பாக்டீரியாவைச் சுற்றி மூடிவிடும்.

'குறியிடல்' ஏன் போதாது? ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா தன் மேலுள்ள புரதம் ஏ-யைக் கொண்டு எதிர்ப்பொருளை எஃப்சி வால் பக்கமாகப் பிடித்துத் தலைகீழாக நிறுத்திவிடும். எதிர்ப்பொருள் மேலே இருக்கிறது, ஆனால் பிடிக்க வால் இல்லை. ஐஜிஎம் என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள் ஒட்டினாலும் அப்படித்தான்: அதன் வாலைப் பற்றி விழுங்க நியூட்ரோஃபிலில் ஏற்பி கிடையாது, சி3பியை வரவழைத்த பிறகே பயன். குறி இருந்தும் பிடி இல்லாத நிலை இது.

என் பரிந்துரை 'பற்றிடல்'. தலைவலிக்கு நெற்றியில் சுக்குப் பற்றுப் போடும் பற்று இது. பூச்சும் பிடிப்பும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ஆப்சோனின் – பற்றுப்புரதம். பூசப்பட்டது – பற்றிட்ட பாக்டீரியா. 'பற்றிட்டு விழுங்கல்', 'பற்றிடுதிறன்' என்று கிளைச்சொற்களும் தடங்கலின்றி வரும். தடுப்பூசிச் சோதனைகளில் கடைசிச் சொல் கட்டாயம் தேவைப்படும்: நியூமோகாக்கல் தடுப்பூசி எதிர்ப்பொருளை உண்டாக்கினால் மட்டும் போதாது, அது விழுங்கவைக்கிறதா என்றும் அளக்கிறார்கள்.

---

> பற்றிடல்

நல்ல சொல். ஒரு ஐயம்: எதிர்ப்பொருள் பல பாக்டீரியாக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் நிகழ்வோடு குழம்பாதா? பாக்டீரியா நம் திசுவில் ஒட்டுவதும் இருக்கிறது.

---

குழம்பாது, அம்மா. முதலாவதற்குத் 'திரட்டல்', இரண்டாவதற்கு 'ஒட்டுதல்' என்று வைத்துக்கொள்ளலாம். பற்றிடலில் விழுங்கும் அணு (செல்) ஒரு முனையில் இருந்தாக வேண்டும். வரையறையிலேயே அதைச் சொல்லிவிடுவோம். அந்த அணு நியூட்ரோஃபிலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மண்ணீரலிலுள்ள மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் அணுக்களும் பற்றிட்ட பாக்டீரியாவை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. மண்ணீரலை எடுத்தவருக்கு நியூமோகாக்கஸ் போன்ற உறையுள்ள பாக்டீரியாக்கள் உயிராபத்தாவது அதனால்தான். திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது 2 வாரம் முன்பே தடுப்பூசி போடச் சொல்வதும் இதற்காகவே.

வரைவில் உள்ள 'பாக்டீரியாவைக் கொல்லும் பூச்சு' என்ற தொடரை மட்டும் நீக்கிவிடுங்கள். பற்றுப்புரதம் தானாகக் கொல்வதில்லை. விழுங்கிய பின் வெள்ளணுவின் உள்ளிருக்கும் நுண்மணிகள் திறந்து நொதிகள் கொட்டுவதும், ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாவதும் தனிப் படி. நாட்பட்ட கிரானுலோமா நோய் என்ற பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டில் பற்றிடலும் விழுங்கலும் ஒழுங்காக நடக்கும். சூப்பராக்சைடு உண்டாகாததால் ஸ்டெஃபைலோகாக்கஸ் உள்ளேயே பிழைத்திருக்கும்.