சென்னை மொட்டைமாடியிலிருந்து இரவு வானில் எதைப் பார்க்கலாம்?

வினா:
வடபழனியில் நான்கு மாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக 10×50 பைனாகுலர் வாங்கினேன். ஆனால் மொட்டைமாடியில் நின்றால் எண்ணிவிடும் அளவுக்குச் சில விண்மீன்களே தெரிகின்றன. அவளோ பால்வழியைக் காட்டும்படி கேட்கிறாள். தொலைநோக்கி வாங்கினால் தெரியுமா?

மறுமொழி 1:
தெரியாது. நகரத்தின் ஒளி மாசு மங்கலாகப் பரந்து கிடப்பவற்றை விழுங்கிவிடுகிறது. எவ்வளவு பெரிய தொலைநோக்கி வாங்கினாலும் பால்வழி வடபழனிக்கு வராது. ஆனால் நிலவுக்கும் கோள்களுக்கும் அந்த மாசு ஒரு பொருட்டே அல்ல. பௌர்ணமியன்று மட்டும் நிலவைப் பார்க்காதீர்கள். அன்று நிழல்களே இல்லாமல் அது தட்டையாகத் தெரியும். வளர்பிறை அட்டமியை ஒட்டிய நாட்களில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே கிண்ணக்குழிகளின் விளிம்புகள் நீண்ட நிழல்களை வீழ்த்துவதால், உங்கள் பைனாகுலரிலேயே அவற்றின் ஆழம் புலப்படும். முழங்கைகளைக் கைப்பிடிச்சுவரில் ஊன்றிக்கொண்டு வியாழனையும் பாருங்கள். 1610இல் கலிலியோ கண்ட நான்கு துணைக்கோள்கள் ஏறத்தாழ ஒரே கோட்டில் புள்ளிகளாகத் தெரியும். சில இரவுகளில் ஒன்றிரண்டு மறைந்திருக்கலாம். சனியின் வளையத்துக்குத்தான் தொலைநோக்கி வேண்டும்.

மறுமொழி 2:
பிப்ரவரியில் ஒரையன் என்னும் விண்மீன் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைக் கண்டுவிட்டால், அவற்றின் ஒருபுறம் செந்நிறத் திருவாதிரையும் மறுபுறம் நீலவெண்மையான ரைகலும் இருக்கும். அந்த நிற வேறுபாடு வெறுங்கண்ணுக்கே தெரியும். அவ்வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால் சிரியசும், எதிர்த்திசையில் நீட்டினால் ரோகிணியும் கிடைக்கும். ரோகிணிக்கு அப்பால் உள்ள கார்த்திகையில் பைனாகுலரை வைத்தால், ஆறு என்று நாம் கேட்டு வளர்ந்த கூட்டத்தில் பல விண்மீன்கள் இருப்பது தெரியும். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணியளவில் தெற்கே அகத்திய விண்மீனையும் தேடுங்கள். வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீனான அது லண்டனில் உதிப்பதே இல்லை.

மறுமொழி 3:
1861இல் வானியலாளர் போக்சன் 'ஏசியா' என்னும் சிறுகோளைக் கண்டுபிடித்தது நுங்கம்பாக்கத்து வானாய்வகத்திலிருந்துதான். அன்றைய இருட்டை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

வினவியவர்:
மிக்க நன்றி. தெற்கே எதிர்வீட்டு அடுக்ககம் மறைக்கிறது. அகத்தியர் எவ்வளவு உயரத்தில் இருப்பார்?

மறுமொழி 2:
சென்னையில் அதிகபட்சம் 24 பாகை. கையை முழுவதும் நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் ஏறத்தாழ 20 பாகை ஆகும். அடிவானத்திலிருந்து ஒரு சாணுக்கும் சற்று மேலான அந்த உயரத்துக்குள் உங்கள் எதிர்வீடு முடிந்துவிடுகிறதா என்று பகலிலேயே அளந்து பாருங்கள். முடியவில்லையென்றால் தெருமுனைக்கு இறங்கி வந்துவிடுங்கள்.